தட்டைத் தின்னாத ஊசி

கேள்வி–பதில் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் பூச்சி, உரம், மானியம், மாட்டுக்குச் சினை பிடிக்காதது இவைதான் இருக்கும். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் எழுதிய அஞ்சலட்டை வேறு மாதிரி. “எங்கள் ஐயா காலத்துக் கிராமபோன் பெட்டி ஓடுகிற நிலையில் இருக்கிறது. ஊசி தீர்ந்துவிட்டது. காட்டில் கருவேல முள் வேண்டிய மட்டும் கிடக்கிறது. அதைப் போட்டால் பாடுமா? பிளேட்டு கெட்டுப்போகுமா?”

பாடும். தட்டும் இரும்பு ஊசியில் தேய்வதைவிடக் குறைவாகத்தான் தேயும். ஒரு வரியில் பதில் இவ்வளவுதான். ஆனால் எந்த முள், எப்படிக் காய வைப்பது, எந்தத் தட்டில் போடக் கூடாது என்று தெரியாமல் போட்டால் முள்ளும் வீண், தட்டும் வீண். பெரியவரும் முதலில் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

தட்டு எதனால் ஆனது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். பழைய 78 சுற்றுத் தட்டு பிளாஸ்டிக் அல்ல. அது அரக்கு. சோட்டா நாக்பூர்ப் பக்கத்துக் காடுகளில் குசும், புரசு, இலந்தை மரக் கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் சிறு பூச்சி கசியவிடும் பிசின். நம் ஊரில் பருத்திக்கு வரும் மாவுப்பூச்சிக்கு அது தூரத்துச் சொந்தம். அங்கே ஆதிவாசிக் குடும்பங்கள் அந்தப் பூச்சியை மரத்துக்கு மரம் ஏற்றி வளர்த்து, கிளையை வெட்டிச் சுரண்டி அரக்கு எடுக்கிறார்கள். இதற்கென்றே 1924-இல் ராஞ்சி பக்கம் நாம்கும் என்ற ஊரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். உலகம் முழுக்கப் பாடிய தட்டுகளுக்கான அரக்கில் பெரும்பங்கு நம் நாட்டிலிருந்துதான் கப்பலேறியது. 1942-இல் போர்க்காலத்தில் அமெரிக்காவில் தட்டுக் கம்பெனிகளுக்கு அரக்கு கிடைப்பதைக் கட்டுப்படுத்தினார்கள். உடைந்த தட்டுகளைக்கூட ஜனங்களிடம் திருப்பி வாங்கி உருக்கினார்கள். விளைவித்த குடியானவனுக்கு அந்த அரக்கு பாட்டாக மாறுவது தெரிந்திருக்குமா என்பது வேறு கதை.

தட்டில் அரக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி பொடித்த கல்மாவு. கூடவே கொஞ்சம் பஞ்சு இழை, கருப்புக்குக் கரி. இந்தக் கல்மாவைக் கலப்படம் என்று நினைக்க வேண்டாம், அதற்கு ஒரு வேலை உண்டு. புது இரும்பு ஊசியின் நுனி தட்டின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தாது. முதல் சில சுற்றுகளிலேயே தட்டில் உள்ள கல்மாவு அந்த நுனியைச் சாணைக்கல் போலத் தேய்த்துப் பள்ளத்தின் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அதாவது, இரும்பு ஊசி தேயும் என்று தெரிந்தே செய்த தட்டு அது.

அந்த ஊசியின் மேல் விழும் பாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சவுண்டு பாக்ஸ் என்கிற வட்டமான தலையின் எடை சுமார் 100 முதல் 150 கிராம் வரை ஊசி முனையில் நிற்கிறது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் ஓடுகிறது. நிமிடத்துக்கு 78 சுற்று. சுற்றுகளை நீட்டி அளந்தால் ஊசி 120 மீட்டருக்கு மேல் உரசிக்கொண்டே போகிறது. ஒரு ஏக்கர் நிலத்தின் நீளத்துக்கு மயிரிழை அகலச் சாலில் ஏர் ஓட்டுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் முடியும்போது இரும்பு முனை உளி போலத் தட்டையாகி, இரண்டு ஓரமும் கூர் பிடித்துவிடும். அடுத்த தட்டுக்கும் அதே ஊசியைப் போட்டால் அந்த உளி புதுப் பள்ளத்தின் சுவரைச் செதுக்கும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது விதி. நாய் படம் போட்ட தகர டப்பாவில் 200 ஊசி வைத்து விற்றதும் அதற்காகத்தான்.

நம் வீடுகளில் அந்த விதியை யார் பார்த்தார்கள்? ஊசி வாங்க விருதுநகருக்கோ மதுரைக்கோ போக வேண்டும். ஓர் ஊசியை இருபது தட்டுக்கு ஓட்டினார்கள். சில வீடுகளில் தையல் ஊசியை ஒடித்துச் செருகினார்கள். பெரியவர் வீட்டுத் தட்டுகள் 34. அவற்றில் பாதிக்கு மேல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கருப்பு பளபளக்காமல் சாம்பல் பூத்துத் தெரிகிறது. அது அழுக்கு அல்ல. பள்ளத்தின் சுவர் அரைபட்டுப்போன தடம். துடைத்தால் போகாது.

பெட்டியை வாங்கியது அவருடைய ஐயா. பருத்தி நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம் கமிஷன் கடையில் கணக்கு முடித்துவிட்டு, மிச்சக் காசில் மாடு வாங்குவதாகச் சொல்லிப் போனவர் பெட்டியோடு வந்தாராம். ஆத்தா மூன்று நாள் பேசவில்லை. பிறகு ஊரே அந்தத் திண்ணையில் உட்கார்ந்தது. சாவி கொடுக்கிற வேலை சிறுவனாயிருந்த இவருக்கு.

போன ஆண்டு கிணற்று மோட்டார் புகைந்துபோன சமயத்தில் பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து பெட்டிக்கு விலை பேசினார். “பெட்டிய மட்டும் குடுங்க ஐயா. பிளேட்டெல்லாம் தேஞ்சது, எனக்கு வேண்டாம். ஊசியும் இல்லாம நீங்க வச்சு என்ன பண்ணப்போறீங்க?” கேட்டது நியாயமான கேள்வி. மோட்டாருக்கும் பணம் வேண்டும். அந்தப் பணத்தை இரண்டு வெள்ளாட்டங்கிடாக்களை விற்றுப் புரட்டிக்கொண்டார். ஆனால் ஊசி என்ற கேள்வி அப்படியே நின்றது. அதற்குப் பிறகுதான் முள்ளில் கை வைத்தார்.

இது அவர் கண்டுபிடித்த வேலை இல்லை. நூறு ஆண்டுக்கு முன்பே வெளிநாட்டில் இதற்கு ஒரு கட்சியே இருந்தது. 1900-களின் முதல் பத்தாண்டிலேயே அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் மூங்கிலை முக்கோணமாகச் சீவி ஊசி செய்து விற்றார்கள். மூங்கிலின் வெளித்தோல் எவ்வளவு கடினம் என்பது கையை அறுத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். அந்தத் தோல் நுனியில் வருமாறு சாய்வாக நறுக்குவார்கள். மழுங்கியதும் ஒரு சிறு வெட்டியால் மறுபடி ஒரு நறுக்கு, புது முனை. இங்கிலாந்தில் காம்ப்டன் மெக்கன்சி என்ற எழுத்தாளர் 1923-இல் ‘தி கிராமபோன்’ என்ற பத்திரிகை தொடங்கினார். இரும்பு ஊசியா நார் ஊசியா என்று அதன் வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். 1930-களில் மூங்கிலுக்குப் பதிலாகக் கள்ளி முள் வந்தது. காகிதக்கூழால் ஆள் உயரத்துக்குப் பெரிய குழாய் செய்து விற்ற லண்டன் கம்பெனிகளின் வாடிக்கையாளர்கள் முள்ளைத்தான் விரும்பினார்கள். முள்ளைச் சுழற்றிக் கூராக்க உப்புத்தாள் ஒட்டிய சின்னக் கருவியும் கடையில் விற்றது. ஜப்பானில் இன்றும் பழைய தட்டு கேட்பவர்கள் மூங்கில் ஊசி நறுக்கிப் போடுகிறார்கள்.

அவர்கள் எல்லோரும் நம்பிய கணக்கு ஒன்றுதான். இரண்டு பொருள் உரசினால் மெதுவானது முதலில் தேயும். இரும்பு தேயும்போது தட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. முள் தான் மட்டும் தேய்ந்து ஒழிகிறது. முள் மறுபடி முளைக்கும்.

இதற்கு மறுப்பும் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. முள் மெதுவானது என்பதால் தட்டிலிருந்து கிளம்பும் கல்மாவுத் துணுக்கு அதன் நுனியிலேயே பதிந்து, அதுவே உப்புத்தாள் போல அரைக்கும் என்றார்கள் இரும்புக் கட்சிக்காரர்கள். தட்டைத் துடைக்காமல் போட்டால் அது உண்மைதான். புழுதி படிந்த தட்டில் எந்த ஊசியும் நல்ல ஊசி இல்லை.

இனி பெரியவரின் முள் கதை. முதல் நாள் வேலியிலிருந்து பச்சை முள்ளை ஒடித்து அப்படியே செருகினார். அரை நிமிடம்கூடப் பாடவில்லை. நுனி வளைந்து, நார் பிரிந்து, பஞ்சு போல ஆகிவிட்டது. பேத்தி பக்கத்தில் நின்றாள்.

“தாத்தா, பச்சை வெறக அடுப்புல வச்சா எரியுமா?”

“எரியாது பாப்பா.”

“அப்ப பச்சை முள்ளு மட்டும் எப்படிப் பாடும்?”

அதற்குப் பிறகு ஒழுங்காகச் செய்தார். மரத்திலேயே முற்றிக் காய்ந்த, வெள்ளை மாறிப் பழுப்பேறிய முள்ளாகப் பார்த்துப் பறித்தார். வெயிலில் போட்டால் வெடிக்கிறது என்று நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு மாதம் வைத்தார். பிறகு வகைவகையாகச் சோதித்துப் பார்த்தார். அவர் பழைய தலைமுறை விவசாயி. விதை முளைப்புத்திறன் பார்ப்பது போலப் பத்துப் பத்தாக எடுத்துக் கணக்கு வைத்திருக்கிறார்.

சீமைக்கருவேல முள்ளை அவர் சீக்கிரமே ஒதுக்கிவிட்டார். அடி பருத்து, சட்டென்று கூராகிவிடுகிறது. ஊசித் துளைக்குப் பொருந்தும்படி அடியைச் சீவினால் பல முட்கள் நெடுக்கில் பிளந்தன. சப்பாத்திக்கள்ளி முள் லேசாக வளைந்து தட்டையாக இருப்பதால் நேராக நிற்கவில்லை. (அந்தக் கள்ளி ஒரு காலத்தில் தென்மாவட்டங்களில் நிலத்தையே மூடிக் கிடந்தது. 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த செதில் பூச்சி ஒன்றுதான் அதை அடக்கியது. இன்று தேடித்தான் பறிக்க வேண்டியிருக்கிறது.) நாட்டுக் கருவேல முள் நேரானது, ஜோடியாக வருவது, நீளமானது. பத்தில் ஆறு, ஏழு ஒரு பக்கம் முழுக்கப் பாடின. எல்லாவற்றையும் மிஞ்சியது, வரப்போரத்தில் வேலியாக நிற்கும் ரயில் கற்றாழையின் இலை நுனி முள். கருத்து, கொம்பு போல இறுகியது. பத்தில் எட்டுத் தாங்கியது.

முள்ளைத் தேர்ந்தெடுக்கும்போது நடுவில் சோற்றி போல மெத்தென்று இருப்பதை விட்டுவிட வேண்டும். நீளம் ஒன்றரை செ.மீ. போதும். கடைகளில் விற்ற இரும்பு ஊசி அந்த நீளம்தான். தடிமன் ஒன்றரை மி.மீ. அளவு. முள்ளின் அடியை அந்தத் தடிமனுக்குச் சீவிக்கொள்ள வேண்டும். நீளமாக விட்டால் துவண்டு ஓசை குறையும். செருகித் திருகும்போது இரும்பு ஊசிக்கு இறுக்குவது போல இறுக்கினால் முள் நசுங்கும். ஆடாமல் நின்றால் போதும்.

கூராக்குவதில்தான் பலர் தவறு செய்வார்கள். இயற்கையாக இருக்கும் மயிர் போன்ற நுனி உதவாது. பாரம் இறங்கியதும் முறியும். அந்த நுனியைக் கொஞ்சம் நறுக்கிவிட்டு, மிக நைசான உப்புத்தாளில் முள்ளை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே தேய்த்து, குட்டையான கூம்பு முனை கொண்டுவர வேண்டும். பென்சில் முனை மாதிரி, ஆனால் அதைவிடக் கூர். கைத் துளைப்பான் இருந்தால் அதில் முள்ளை மாட்டிச் சுழற்றினால் வட்டம் பிசகாது. முடிந்ததும் முனையைத் துணியால் துடைத்தே தீர வேண்டும். உப்புத்தாளின் மணல் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் தட்டில் கோடு விழும். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் மறுபடி இரண்டு உருட்டு. இப்படி ஒரே முள்ளைப் பல பக்கங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஈரம் முள்ளுக்கு எமன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த முட்கள் திடீரென்று மழுங்கத் தொடங்கின. விதையைக் காப்பது போலத்தான் காக்க வேண்டும். இறுக மூடும் டப்பாவில், புதுச் செருப்பு, பைப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைத்தால் போதும்.

ஓசை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: சன்னமாக இருக்கும். இரும்பு ஊசியில் திண்ணை முழுக்கக் கேட்ட பாட்டு, முள்ளில் பக்கத்து அறையில் யாரோ பாடுவது போல வரும். ஆனால் அந்த உஸ் என்ற இரைச்சல் பெருமளவு அடங்கிவிடும். மனிதக் குரலுக்கு முள் அருமை. உரத்த வாத்தியத்துக்கு அவ்வளவு தாங்காது. ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடி, பெரியவரிடம் உள்ள தட்டுகளில் அதிகம் ஓடியது. அதில் ஒரு முள்கூடக் கடைசிவரை நிற்கவில்லை. உரத்த இடங்களில் பள்ளத்தின் நெளிவு அதிகம். முள் நுனி அங்கே நொறுங்கிவிடுகிறது. ஏற்கெனவே அரைபட்டுச் சாம்பல் பூத்த தட்டிலும் முள் பாதியில் மழுங்கும். மழுங்கிய உடனே குரல் கரகரக்கும். அந்த நொடியே தூக்கிவிட வேண்டும். தூக்காவிட்டால் முள்ளைப் பிடித்திருக்கும் இரும்புத் தலையே தட்டில் இறங்கிவிடும் அபாயம் உண்டு. முள் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிற வேலை வைத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாப் பெட்டிக்கும் முள் பொருந்தாது. எடிசனின் உருளை போட்டுப் பாடும் போனோகிராஃப் வைத்திருப்பவர்கள் அதன் ஊசியில் கை வைக்கவே வேண்டாம். அதில் நீலக்கல் அல்லது வைரம் நிலையாகப் பதித்திருக்கும். எடிசனின் தடித்த வைரத் தட்டுக்கும், பழைய பாத்தே தட்டுக்கும் முள் ஆகாது. அவற்றில் பள்ளம் பக்கவாட்டில் நெளிவதில்லை, மேலும் கீழுமாக ஏறி இறங்குகிறது. பிற்காலத்து 45, 33 சுற்றுத் தட்டுகளைச் சாவிப் பெட்டியில் வைக்கவே கூடாது. அது மெல்லிய பிளாஸ்டிக். 100 கிராம் பாரத்தில் முள்ளே ஆனாலும் ஒரே ஓட்டத்தில் பாழாகும். முள் ஊசி என்பது அரக்குத் தட்டுக்கு, பக்கவாட்டில் நெளியும் பள்ளத்துக்கு மட்டும்.

துடைப்பதிலும் ஒரு எச்சரிக்கை. அரக்கு சாராயத்தில் கரையும். ஸ்பிரிட், கை கழுவும் சானிடைசர், சென்ட் எதையும் தட்டின்மேல் படவிடக் கூடாது. துளி சோப்புக் கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, காகித லேபிள் நனையாமல் உடனே உலர்த்த வேண்டும். படுக்கையில் அடுக்காமல் நிற்க வைக்க வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் பரணில் வைத்தால் சித்திரை வெயிலில் அப்பளம் போல நெளிந்துவிடும்.

அந்த 34 தட்டுகளில் ஒன்றை மட்டும் பெரியவர் பல ஆண்டாகப் போடவில்லை. செங்கோட்டை கிட்டப்பா பாடியது. கிட்டப்பா நாடக மேடையில் பாடியவர். 1933-இல் 27 வயதில் இறந்துவிட்டார். அவர் குரல் இன்று இருப்பது அந்தக் காலத்து அரக்குத் தட்டுகளின் பள்ளங்களில்தான். ஐயா இந்தத் தட்டை யாரையும் தொடவிட மாட்டாராம். அதனாலேயே இது மட்டும் இன்னும் பளபளப்பு மாறாமல் இருக்கிறது. ஓரத்தில் மயிரிழை அளவு விரிசல் ஒன்று இருக்கிறது. பாட்டு தொடங்கும் இடத்துக்கு இன்னும் எட்டவில்லை.

வீட்டில் பேச்சு நடந்தது. “ஒரு தடவ போட்டாத்தான் என்னங்க? வச்சு வச்சு என்னத்துக்கு?” என்றார் மனைவி. மகனுக்கு மனம் வரவில்லை. “உடைஞ்சா திரும்பி வருமா அப்பா? அப்படியே இருக்கட்டும்.” பேத்திதான் வழி சொன்னாள். வேறு இரண்டு தட்டில் பாடிக் காட்டிய கற்றாழை முள் ஒன்றைப் புதிதாகக் கூராக்குவது. மழை இல்லாத நாளாகப் பார்ப்பது. தட்டைத் துடைத்து ஒரே முறை ஓட்டுவது. அந்த ஒரு ஓட்டத்தை இரண்டு கைபேசியில் பதிவு செய்வது. ஒன்று குழாயின் வாயருகில், ஒன்று நாலு அடி தள்ளி.

மாசியில் ஒரு காலைப்பொழுதில் அப்படியே செய்தார்கள். கோழிகளைக் கூடையில் கவிழ்த்து, பக்கத்துத் தோட்டத்து மோட்டாரை அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லி, மின்விசிறியை அணைத்துவிட்டுச் சாவி கொடுத்தார். விரிசல் வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் டிக் என்று ஒரு சத்தம். பாட்டு தொடங்கியதும் அது நின்றுவிட்டது. முள் கடைசி அரை அங்குலத்தில் லேசாகக் கம்மியது. தூக்க வேண்டியிருக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் நுனி கடுகின் கால்வாசி அளவு தட்டையாகியிருந்தது. தட்டில் புதுச் சாம்பல் கோடு ஒன்றும் இல்லை.

பதிவைப் பேத்தி மூன்று இடத்தில் சேமித்து வைத்திருக்கிறாள். தட்டு துணி உறையில் போய்விட்டது. மற்ற தட்டுகள் ஞாயிற்றுக்கிழமை தோறும் பாடுகின்றன. பெரியவரின் அடுத்த அஞ்சலட்டை போன வாரம் வந்தது. இந்த முறை கேள்வி: ரயில் கற்றாழையில் எத்தனை ஆண்டு வயதான இலையின் முள் அதிகம் இறுகியிருக்கும், அடி இலையா நடு இலையா?

முற்றிய அடி இலைதான். கன்று வைத்து இரண்டு மூன்று ஆண்டு தாண்டிய செடியில், பூத்தண்டு கிளம்புவதற்கு முன் பறிப்பது நல்லது. பூத்துவிட்டால் அந்தச் செடி பிழைக்காது. பறிக்கும்போது கைக்கு உறை போடவும். கற்றாழைச் சாறு பட்டால் பலருக்கு அரிப்பு எடுக்கும்.